கிளட்ச் இல்லாத நான்கு கியர்: 1960களின் பிரிட்டிஷ் டீசல் ரயிலை ஓட்டும் முறை

கொங்கு நாட்டில் கணினித் திரையில் ரயில் ஓட்டிப் பழகுவோர் பெரும்பாலும் நம் ஊர் லோகோக்களில்தான் கை பழகியிருப்பார்கள். ஈரோடு ஷெட்டின் பெயர் எழுதிய லோகோ கண்ணில் பட்டால் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். இழுவையைக் கூட்டும் படியான நாட்ச்சை ஒவ்வொன்றாக ஏற்றி, பின்னால் இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகளை இழுத்துச் செல்வதில் தனியொரு நிறைவு இருக்கிறது. அப்படிப் பழகிய கை, 1960களின் பிற்பகுதியில் பிரிட்டனின் கிளைப் பாதைகளிலும் புறநகர்ப் பாதைகளிலும் ஓடிய டீசல் மல்டிபிள் யூனிட், அதாவது தனி லோகோ இல்லாமல் பெட்டிகளின் அடியிலேயே இன்ஜின் கொண்ட டி.எம்.யூ. தொடரைத் தொட்டவுடன் தடுமாறுகிறது. வண்டி முதல் கியரிலேயே கத்திக்கொண்டிருக்கும். நிலையத்தில் நின்ற பிறகு பிரேக் விடுபடாமல் அடம் பிடிக்கும். ஏற்றத்தில் வேகம் கரைந்துகொண்டே போகும். இவற்றுக்கெல்லாம் காரணம், இரண்டோ மூன்றோ பெட்டிகள் கொண்ட இந்தத் தொடரை நாம் சிறிய லோகோ என்று எண்ணிவிடுவதுதான். உண்மையில் அது தண்டவாளத்தில் ஏற்றப்பட்ட பஸ்.

பஸ்ஸோ லாரியோ ஓட்டிய ஒருவரை அதே திரைக்கு முன் உட்காரவைத்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “ஏனுங்கண்ணா, இதுல கிளட்ச் எங்கீங்க?” என்பதாகத்தான் இருக்கும். அது சரியான கேள்வி. கிளட்ச் ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொண்டவருக்கு இந்த வண்டியில் பாதி பிடிபட்டுவிடும். மீதிப் பாதி, நாமக்கல் லாரி ஓட்டுநரும் வால்பாறை பஸ் ஓட்டுநரும் யோசிக்காமலே கடைப்பிடிக்கும் ஒரு விதியை இந்த வண்டியில் மறந்துவிடுவதில் இருக்கிறது. அந்த விதி எது, ஏன் அது இங்கே செல்லாது என்பதையும் சேர்த்து, வண்டியைக் கிளப்புவது முதல் கடைசி நிலையத்தில் முனை மாற்றுவது வரை வரிசையாகச் சொல்கிறேன். சில மென்பொருள்கள் இவற்றில் பலவற்றை எளிமைப்படுத்திவிடுகின்றன. இங்கே நான் எழுதுவது மெய்யான வண்டியின் முறை; இந்த முறையில் ஓட்டிப் பழகியவருக்கு எளிமைப்படுத்திய மென்பொருளிலும் வண்டி சீராகவே ஓடும்.

தரைக்கு அடியில் படுத்திருக்கும் லேலண்ட்

பிரிட்டிஷ் ரயில்வே 1954இல் லீட்ஸ்–பிராட்ஃபோர்ட் பகுதியில், தன் டெர்பி பணிமனையில் கட்டிய இலகுரக டீசல் தொடர்களை ஓடவிட்டது. 1955ஆம் ஆண்டின் நவீனமயமாக்கல் திட்டத்துக்குப் பிறகு இவ்வகைப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. சொந்தப் பணிமனைகளால் மட்டும் ஈடுகொடுக்க முடியாத நிலையில் பர்மிங்ஹாமின் மெட்ரோ-கேமல், ஷெஃபீல்டின் கிரேவன்ஸ், க்ளாஸ்டர் நகரின் பெட்டி தயாரிப்பாளர்கள், பஸ் பாடி கட்டிப் பெயர் பெற்ற பார்க் ராயல் எனப் பல நிறுவனங்கள் இந்த வேலையை எடுத்துக்கொண்டன. அதனால் முகமும் கதவும் இருக்கையும் தொடருக்குத் தொடர் மாறும். அடியில் இருக்கும் இயந்திர அமைப்பு மட்டும் பெரும்பாலானவற்றில் ஒன்றுதான். ஒரே சேஸிஸுக்குக் கரூரின் ஒவ்வொரு பட்டறையும் தன் கைவண்ணத்தில் பாடி கட்டி அனுப்புவதைப் பார்த்திருக்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இழுவைப் பெட்டி ஒன்றின் தரைக்கு அடியில், போகிகள் எனப்படும் இரண்டு சக்கரத் தொகுதிகளுக்கு இடையில், ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின்கள் இரண்டு படுக்கைவாட்டில் தொங்குகின்றன. பஸ்ஸுக்கும் லாரிக்கும் இன்ஜின் செய்துவந்த ஏ.இ.சி., லேலண்ட் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய பிரிட்டிஷ் யுனைடெட் டிராக்‌ஷன் என்ற நிறுவனம் இவற்றை வழங்கியது. லேலண்ட் வகையின் கொள்ளளவு 680 கன அங்குலம், அதாவது சுமார் 11.1 லிட்டர், நிமிடத்துக்கு 1,800 சுற்றில் 150 குதிரைத்திறன் தரும். எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸ் அதே லேலண்டோடு கூட்டுச் சேர்ந்து, 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாற்றிக்கொண்டது என்பதை நினைவில் வைத்தால், இந்த இன்ஜினின் ஐடில் சத்தம் நம் காதுக்கு ஏன் அவ்வளவு பழக்கமாகத் தோன்றுகிறது என்பது விளங்கும்.

தொடரை எடுக்கும்போது இழுவைப் பெட்டிகள் எத்தனை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரு பெட்டித் தொடர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இரண்டு பெட்டிகளிலும் இன்ஜின் இருக்கும். மற்றதில் ஒன்றில் மட்டும் இருக்கும், இன்னொன்று ஓட்டுநர் அறை கொண்ட வெறும் டிரெய்லர். மெட்ரோ-கேமல் வகையில் இழுவைப் பெட்டி சுமார் 32 டன், டிரெய்லர் சுமார் 25 டன். ஆகவே முதல் வகைக்கு 64 டன்னுக்கு 600 குதிரைத்திறன் கிடைக்கிறது. இரண்டாம் வகைக்கு 57 டன்னுக்கு 300தான். டன்னுக்கு ஒன்பது குதிரைத்திறனுக்கும் ஐந்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சமதளத்தில் ஓரளவு மறைத்துவிடலாம். ஏற்றத்தில் மறைக்க முடியாது. புதிதாகப் பழகுபவர் முதல் வகையை எடுப்பதே நல்லது.

இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் சக்தி போகும் வழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் ஓட்டும் முறை முழுவதும் அதிலிருந்தே வருகிறது. இன்ஜினின் முனையில் ஃப்ளூயிட் ஃப்ளைவீல் இருக்கிறது. ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கும், உள்ளே தகடுகள் பதித்த இரண்டு கிண்ணங்களும் அவற்றுக்கு நடுவே எண்ணெயும் கொண்ட ஓர் உறை அது. இன்ஜின் ஒரு கிண்ணத்தைச் சுழற்ற, எறியப்படும் எண்ணெய் மறு கிண்ணத்தைத் தள்ளுகிறது. ஐடிலில் அந்தத் தள்ளல் மிகக் குறைவு என்பதால் கியரில் இருந்தாலும் வண்டி நிற்கும், இன்ஜின் அணையாது. சுற்று ஏற ஏறப் பிடிப்பு இறுகும். கிளட்ச் மிதி இல்லாமல் போனதற்கு இதுவே காரணம். அங்கிருந்து சுழலும் தண்டான ஒரு கார்டன் ஷாஃப்ட், பிறகு பட்டைகளின் பிடியால் கியர் மாறும் நான்கு வேக எபிசைக்ளிக் கியர்பாக்ஸ், மீண்டும் ஒரு ஷாஃப்ட், கடைசியாகப் போகியின் உட்புற அச்சில் இருக்கும் ஃபைனல் டிரைவ். முன்னோக்கியும் பின்னோக்கியும் செல்லும் மாற்றம் இந்த ஃபைனல் டிரைவில்தான் நடக்கிறது. அதனால் திசை லீவரை வண்டி முற்றிலும் நின்ற பிறகே தொட வேண்டும். ஒவ்வோர் இன்ஜினுக்கும் தனித்தனி கியர்பாக்ஸ் என்பதால், நான்கு இன்ஜின் கொண்ட தொடரில் நீங்கள் லீவரை ஒருமுறை நகர்த்தினால், மின்சாரத்தால் இயங்கும் வால்வுகள் திறந்து, அழுத்தக் காற்று பாய்ந்து, நான்கு கியர்பாக்ஸ்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மாறுகின்றன. ‘ஏறத்தாழ’ என்ற சொல்லைக் கவனிக்கவும். கியர் மாற்றும்போது ஒரு கணம் பொறுக்கச் சொல்வது அதனால்தான்.

மலைப்பாதை விதி இங்கே செல்லாது

இந்த அமைப்பில், கியர்பாக்ஸுக்கு முன்னால், ஃப்ரீவீல் என்ற சிறிய உறுப்பு ஒன்று இருக்கிறது. இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றலாம். சக்கரம் இன்ஜினைச் சுழற்ற அது விடாது. இன்ஜினுக்கு எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மூடியவுடன் இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிவிடும், வண்டி தன் வேகத்தில் உருண்டுகொண்டே போகும். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் மட்டும் ஓடுமே, அதே ஏற்பாடுதான்.

நம் ஊரில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலையிலோ இருபத்தேழு வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையிலோ வண்டி ஓட்டியவர், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதை உயிர் காக்கும் விதியாக வைத்திருப்பார். தாழ்ந்த கியரில் இன்ஜின் வண்டியைப் பிடித்து வைக்கும், பிரேக் சூடேறாது. ஃப்ரீவீல் உள்ள இந்த ரயிலில் அந்தப் பிடிப்பு இம்மியும் கிடைக்காது. மாறாக, இறக்கத்தில் இரண்டாம் கியரைப் போட்டுவிட்டு வண்டியை 50 மைல் வேகத்துக்கு உருளவிட்டால், கியர்பாக்ஸின் உட்பகுதிகள் அவை தாங்கும் அளவுக்கு மேல் சுழற்றப்படும்; இன்ஜினோ எதுவும் தெரியாததுபோல் ஐடிலில் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். எனவே இங்கே விதி தலைகீழ்: இறக்கத்தில் நான்காம் கியர், த்ராட்டில் மூடியிருக்க, வேகத்தைக் கட்டுப்படுத்துவது பிரேக் மட்டுமே. லாரி ஓட்டிய நண்பர்கள் எல்லாவற்றையும் மற்றவர்களைவிட விரைவாகக் கற்றுக்கொண்டுவிட்டு இந்த ஓர் இடத்தில் மட்டும் மீண்டும் மீண்டும் கையை அடக்க வேண்டியிருப்பதைக் காண்கிறேன். பழக்கம் நல்ல பழக்கம் என்பதால்தான் அதை விடுவது கடினமாக இருக்கிறது.

எந்தத் தொடரை எடுப்பது

பெட்டியின் முகப்பில், இணைப்புக் கேபிள்களுக்கு அருகே, நீலச் சதுரம் வரைந்திருந்தால் அது இந்த வழிகாட்டிக்கு உரிய வண்டி. கட்டுப்பாட்டு முறை ஒன்றாக உள்ளவை மட்டுமே ஒன்றோடொன்று இணைந்து ஓட முடியும் என்பதற்கான குறி அது. பெரும்பாலான தொடர்கள் நீலச் சதுரத்தையே தாங்கின. மஞ்சள் வைரம், சிவப்பு முக்கோணம், வெள்ளை வட்டம் ஆகிய குறிகளும் உண்டு. லண்டன் செயின்ட் பேங்க்ரஸிலிருந்து பெட்ஃபோர்டுக்கு ஓடிய தொடர்கள் 238 குதிரைத்திறன் ரோல்ஸ்-ராய்ஸ் இன்ஜினும் ஹைட்ராலிக் டிரான்ஸ்மிஷனும் கொண்டவை. அவற்றுக்குக் கியர் மாற்றும் வேலையே இல்லை. தெற்கு மண்டலத்தின் ஹாம்ப்ஷயர் தொடர்கள் டீசல்-எலெக்ட்ரிக் வகை. நம் ஊர் டெமு ஓட்டியவருக்கு அவைதான் எளிது, ஆனால் அவை வேறு கதை.

காலத்துக்குப் பொருந்தும் நிறமும் முக்கியம். 1966க்கு முன் இவை பெரும்பாலும் பச்சை நிறத்தில், முகப்பில் சிறிய மஞ்சள் பட்டையோடு ஓடின. பிறகு நீல நிறமும், முகம் முழுவதும் மஞ்சளும் வரத் தொடங்கின. 1967, 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் இரண்டும் கலந்தே ஓடியதால், ஒரே ரயிலில் ஒரு தொடர் பச்சையும் மறு தொடர் நீலமுமாக இருந்தாலும் அது வரலாற்றுப் பிழை ஆகாது. பக்கத்து இருப்புப் பாதையில் நீராவி இன்ஜினை நிறுத்த விரும்பினால் கதை நடக்கும் நாளை 1968 ஆகஸ்ட் 11க்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ரயில்வேயின் முதன்மைப் பாதைகளில் நீராவி அன்றோடு முடிந்தது.

கிளம்பும் முன்

ஓட்டுநர் மேசையில் இடது கைக்கு த்ராட்டிலும் கியர் லீவரும், வலது கைக்கு பிரேக்கும் இருக்கின்றன. த்ராட்டிலில் ஐடிலுக்கு மேல் நான்கு நிலைகள். இந்தக் கைப்பிடியை எப்போதும் கீழ்நோக்கி அழுத்தியபடியே பிடித்திருக்க வேண்டும். கையை எடுத்தால், சில நொடிகள் பொறுத்துவிட்டு, இழுவை அறுந்து பிரேக் முழுவதும் விழுந்துவிடும். ஓட்டுநர் மயங்கிச் சாய்ந்தால் வண்டி தானே நிற்பதற்கான ஏற்பாடு இது. விசைப்பலகையில் ஓட்டுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்ஜின்களைக் கிளப்பியதும் உடனே கியரைத் தொடாதீர்கள். கியர்பாக்ஸையும் ஃபைனல் டிரைவையும் இயக்குவது அழுத்தக் காற்று. அந்தக் காற்றை ஏற்றும் கம்ப்ரஸரை ஓட்டுவது இன்ஜின். காற்று போதாத நிலையில் கியர் போட்டால் உள்ளே பட்டைகள் இறுகப் பிடிக்காமல் வழுக்கித் தேயும். மேசையில் வரிசையாக இருக்கும் சிறு விளக்குகள் எந்த இன்ஜின் ஓடுகிறது, காற்று வந்துவிட்டதா என்பதைக் காட்டும். அவை அனைத்தும் எரியும்வரை காத்திருக்க வேண்டும். பயணத்தின் நடுவில் ஓர் இன்ஜின் விளக்கு அணைந்தால் பதற வேண்டியதில்லை. அந்த இன்ஜின் இல்லாமலே மற்றவை வண்டியை இழுத்துச் செல்லும். ஏற்றங்களில் மட்டும் கணக்கு மாறும்.

அடுத்தது பிரேக்குக்கான வேக்குவம், அதாவது வெற்றிடம். ரயில் முழுவதும் ஓடும் குழாயில் 21 அங்குல (பாதரச அளவில்) வெற்றிடம் இருந்தால் பிரேக் விடுபட்டிருக்கிறது என்று பொருள். காற்றை உள்ளே விட்டு அதைக் குறைக்கக் குறைக்க பிரேக் பிடிக்கும். சுழி வந்தால் முழுப் பிடி. வெற்றிடத்தை உண்டாக்கும் எக்ஸாஸ்டரை ஓட்டுவதும் இன்ஜின்தான். ஐடிலில் அது மெதுவாகவே வேலை செய்யும் என்பதால், கியரை நியூட்ரலில் வைத்து இன்ஜினை உறுமவிட்டு வேக்குவம் ஏற்றுவது அக்கால ஓட்டுநர்களின் வழக்கம். நடைமேடையில் நின்றபடியே டி.எம்.யூ. காரணமின்றிக் கத்துவதுபோல் தோன்றினால் அது இதற்காகத்தான்.

கியர் ஏற்றுதல்

கார்டிடமிருந்து இரண்டு மணியோசை வந்தால் புறப்படலாம். ஒரு மணியோசை என்றால் நில். கதவுகளைப் பயணிகளே திறந்து அறைந்து மூடும் வண்டி இது. கதவு மூடியிருக்கிறதா என்று காட்டும் விளக்கு ஓட்டுநருக்குக் கிடையாது. எனவே மணி வராமல் நகரக் கூடாது.

திசை லீவரை முன்னோக்கி வைத்து, த்ராட்டில் ஐடிலில் இருக்கும்போதே முதல் கியரைப் போட்டு, பிரேக்கை விடுவித்து, வேக்குவம் 21க்கு ஏறியதைப் பார்த்த பின் த்ராட்டிலை முதல் நிலைக்குக் கொண்டுவாருங்கள். எண்ணெய் பிடித்துத் தொடர் மெல்ல அசையும்வரை ஒன்றிரண்டு நொடிகள் அங்கேயே நிறுத்தி, அதன் பிறகு அடுத்தடுத்த நிலைகளுக்கு ஏற்றலாம். லோகோவில் நாட்ச் ஏற்றும்போது ஆம்பியர் முள்ளைப் பார்த்துப் பழகிய கண்ணை இங்கே இன்ஜின் சுற்று காட்டும் முள்ளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மணிக்குச் சுமார் 15 மைல் (24 கி.மீ.) வேகத்தில் இரண்டாம் கியர், சுமார் 27 மைலில் (43 கி.மீ.) மூன்றாம் கியர், சுமார் 41 மைலில் (66 கி.மீ.) நான்காம் கியர், அதற்கு மேல் உச்சவேகமான 70 மைல்வரை (113 கி.மீ.) நான்காம் கியர்தான். ஒவ்வொரு மாற்றத்திலும் செய்ய வேண்டியது ஒன்றே: த்ராட்டிலை முழுவதும் மூடுங்கள், சுற்று இறங்க ஒன்றிரண்டு நொடி விடுங்கள், லீவரை அடுத்த கியருக்கு நகர்த்துங்கள், எல்லாப் பெட்டிகளின் கியர்பாக்ஸும் பிடித்துக்கொள்ள இன்னொரு நொடி விடுங்கள், பிறகு த்ராட்டிலைப் படிப்படியாகத் திறவுங்கள். த்ராட்டிலை மூடாமலே லீவரை நகர்த்துபவர் நான்கு கியர்பாக்ஸ்களின் பட்டைகளையும் ஒரே நேரத்தில் தேய்க்கிறார். சில மென்பொருள்கள் இதைத் தண்டிக்காமல் விட்டுவிடுகின்றன என்பதற்காக இதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

கியர் ஏற்றுவதில் அவசரத்தைவிடப் பொறுமைக்கே பலன் அதிகம். நான்காம் கியரில் 70 மைல் என்பது 1,800 சுற்று என்றால், 41 மைலில் அந்தக் கியருக்கு மாறியதும் சுற்று 1,050 அளவுக்கு விழுந்துவிடும். அங்கே இன்ஜினின் முழுத் திறன் கிடைக்காது. 35 மைலிலேயே நான்காம் கியரைப் போடுபவர் 900 சுற்றில் இன்ஜினைத் திணறவிட்டு, வண்டி ஏன் வேகமெடுக்கவில்லை என்று வியப்பார். டிரெய்லர் கொண்ட 300 குதிரைத்திறன் தொடரில், சிறு ஏற்றம் ஒன்று முன்னால் இருந்தாலும், மூன்றாம் கியரை அதன் எல்லைவரை ஓடவிட்டு, ஏற்றம் முடிந்த பின் மாற்றுவதே அறிவு.

கியர் இறக்குவதற்கும் வேகமே அளவு. ஏற்றத்தில் வேகம் குறைந்து 41 மைலுக்குக் கீழே போன பிறகுதான் மூன்றாம் கியர், 27க்குக் கீழே போன பிறகுதான் இரண்டாம் கியர். அதற்கு முன் இறக்கினால் மேலே சொன்ன அதே கேடு, கியர்பாக்ஸ் அளவுக்கு மீறிச் சுழலும். அதேபோல, த்ராட்டிலை மூடி வெகுதூரம் உருண்டு வந்த பின் மீண்டும் இழுவை கொடுக்கும்போது, அப்போதைய வேகத்துக்கு உரிய கியர் எதுவோ அதை முதலில் போட்டுவிட்டு, பிறகு த்ராட்டிலைத் திறக்க வேண்டும்.

பிரேக்

புதியவர்கள் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். பிரேக் லீவருக்கு மூன்று நிலைகள்: விடுவி, நிறுத்திவை, பிடி. ‘பிடி’யில் வைத்திருக்கும் நேரமெல்லாம் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வேக்குவம் விழுந்துகொண்டே இருக்கும். வேண்டிய அளவு விழுந்ததும் நடுநிலைக்குக் கொண்டுவந்தால் அந்த அளவிலேயே நிற்கும். லீவரின் கோணம் பிரேக்கின் அளவு என்று எண்ணும் பழக்கம் இங்கே பயன்படாது. பார்க்க வேண்டியது முள்ளை.

பிரேக்கை விரைவாக விடுவிப்பதற்கு, சுமார் 28 அங்குல உயர் வெற்றிடம் கொண்ட தேக்கத் தொட்டி ஒன்று தனியாக இருக்கிறது. லீவரை ‘விடுவி’க்குக் கொண்டுசென்றதும் குழாயில் உள்ள காற்றை அந்தத் தொட்டி ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொள்கிறது, ஐடிலில் சோம்பலாக ஓடும் எக்ஸாஸ்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு விடுவிப்பும் அந்தத் தொட்டியின் இருப்பிலிருந்து எடுத்த செலவு. பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டுக்கொண்டு நிலையத்துக்குள் நுழைபவரின் தொட்டி, நடைமேடையை அடைவதற்குள் வற்றிவிடும். இன்ஜின்கள் ஐடிலில் இருப்பதால் அது விரைவாக நிரம்பவும் நிரம்பாது. கார்டு இரண்டு மணி அடித்த பிறகும் வண்டி அசையாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அப்போது நியூட்ரலில் இன்ஜினை உறுமவிட்டு வேக்குவம் ஏறக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

ஆகவே ஒரே பிடி, ஒரே விடுவிப்பு என்ற இலக்கோடு நிறுத்தப் பழகுங்கள். 60 மைல் வேகத்தில் வரும் வண்டியில் த்ராட்டிலை வெகு முன்னதாகவே மூடிவிடலாம். ஃப்ரீவீலின் புண்ணியத்தில் அது தூரம் போகும், டீசலும் மிச்சம். பிறகு வேக்குவத்தை 21இலிருந்து 15 அளவுக்கு இறக்கி நடுநிலையில் நிறுத்துங்கள். வேகம் குறையும் விதத்தைப் பார்த்து, போதாவிட்டால் இன்னும் இரண்டு மூன்று அங்குலம் இறக்கலாம். வேகம் 10 மைலுக்குக் கீழ் வந்ததும் லீவரை ஒரு கணம் ‘விடுவி’க்குத் தொட்டு மீட்டு, பிடியின் பெரும்பகுதியைத் தளர்த்திவிட வேண்டும், வார்ப்பிரும்புக் கட்டைகள் வேகம் குறையக் குறைய மேலும் இறுகப் பிடிக்கும் என்பதால், அதே பிடியோடு கடைசிவரை போனால் பயணிகள் முன்னால் சாய்ந்து பின்னால் விழுவார்கள். நிற்பதற்குச் சற்று முன் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். நின்ற பிறகு, வண்டி நகராமல் இருக்கப் போதுமான அளவு மீண்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் பயணத்துக்கு ஒரு பாதை

வட வேல்ஸின் கான்வி பள்ளத்தாக்குப் பாதையைப் பரிந்துரைக்கிறேன். லாண்டட்னோ சந்திப்பிலிருந்து பிளைனை ஃபெஸ்டினியோக் வரை 27 மைலுக்குச் சற்றுக் கூடுதல். ஏறக்குறைய கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் தூரம். 1950களிலேயே டி.எம்.யூ.க்கள் வந்துவிட்ட பாதை இது. முதல் பாதி ஆற்றங்கரையோரம் சமதளமாகப் போவதால் கியர் ஏற்றியும் நிறுத்தியும் கை பழகலாம். பெட்டிஸ்-இ-கோயிட் நிலையத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கி, 50 அடிக்கு 1 அடி உயரும் ‘50க்கு 1’ என்ற அளவை ஒட்டிச் செல்கிறது. 12க்கு 1 என்ற சரிவில் பல்சக்கரத்தோடு ஏறும் மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயிலைப் பார்த்தவர்களுக்கு இது மேடாகவே தோன்றாது. ஆயினும் பல்சக்கரம் இல்லாத, 300 குதிரைத்திறன் மட்டுமே கொண்ட தொடருக்கு இது உண்மையான சோதனை. இங்கே கியரை இறக்குவதற்கு வேகமானியைவிட உங்கள் காதையே நம்பலாம்: இன்ஜினின் தொனி கனத்து இழுபட்டால், வேகம் உரிய எல்லைக்குக் கீழே வந்துவிட்டதை உறுதிசெய்துகொண்டு, கியரை இறக்குங்கள். உச்சியில் 2 மைலுக்கு மேல் நீளும் குகைப்பாதையைக் கடந்ததும் கடைசி நிலையம்.

ஒற்றைப் பாதை என்பதால் ஒரு பிரிவில் ஒரு வண்டிக்கு மட்டும் கிடைக்கும் அனுமதிச் சின்னமான டோக்கன் இல்லாமல் அடுத்த பிரிவுக்குள் போகக் கூடாது; மீட்டர் கேஜ் காலத்தில் போத்தனூர்–பொள்ளாச்சிப் பக்கம் ஓட்டுநர் டோக்கன் வளையத்தைக் கைமாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைகாட்டியில் மட்டும் ஓர் எச்சரிக்கை. கை இறங்கினால் போகலாம் என்பது நம் பழைய பாடம். பிரிட்டனில் மேற்கு மண்டலத்தில் மட்டுமே பெரும்பாலும் அந்த முறை; வட வேல்ஸ் அடங்கிய லண்டன் மிட்லண்ட் மண்டலத்திலும் மற்ற மண்டலங்களிலும் கை மேல்நோக்கி உயர்ந்தால்தான் வழி. முனையில் மீன்வால் வெட்டு கொண்ட மஞ்சள் கை படுத்திருந்தால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வேண்டும். முதன்மைப் பாதைகளில் இதற்குத் துணையாக எச்சரிக்கைக் கருவியும் உண்டு: வழி தெளிவென்றால் அறைக்குள் மணி ஒலிக்கும், எச்சரிக்கை என்றால் ஹாரன் ஒலிக்கும். ஹாரன் ஒலித்ததும் பொத்தானை அழுத்தி ஏற்றுக்கொள்ளாவிட்டால் பிரேக் தானே விழும். ஏற்றுக்கொண்டால் கருப்பாக இருந்த வட்டு மஞ்சளும் கருப்புமாக மாறி, எச்சரிக்கையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பதை நினைவூட்டியபடி நிற்கும்.

பிளைனையில் வண்டி நின்றதும் பிரேக்கை முழுவதும் பிடித்து, கியரை நியூட்ரலிலும் திசை லீவரை நடுநிலையிலும் வைத்து, இன்ஜின்களை ஐடிலில் விட்டுவிட்டு மறு முனை அறைக்குப் போக வேண்டும். லோகோவைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு வரும் வேலை இல்லை. இந்த வண்டிகளைக் கொண்டுவந்ததன் ஆதாயங்களில் இது முக்கியமானது. மறு முனையில் உட்கார்ந்ததும் திசை லீவரை முன்னோக்கி வைத்து, விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்து, வேக்குவத்தை 21க்கு ஏற்றி, ஒருமுறை பிடித்து விட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். முகப்பில் ஊர்ப் பெயர்ச் சுருளை லாண்டட்னோவுக்குத் திருப்பி, கார்டு பின்முனைக்கு வால்விளக்கை மாற்றிவிட்டாரா என்று உறுதிசெய்த பின், திரும்பும் பயணத்தில் பெட்டிஸ்-இ-கோயிட் வரை பெரும்பாலும் இறக்கம் என்பதால், வேகம் கூடியதும் நான்காம் கியருக்கு ஏற்றி, த்ராட்டிலை மூடி, வலது கையை பிரேக்கிலிருந்து எடுக்காமல் இறங்குங்கள்.